வெம்மை விரும்பும் நுண்ணுயிர்களும் எல்லைக் கிராமத்து அடுப்பும்

எருக்குழியைக் கிளறிப் பார்த்தவர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. சாணமும் தழையும் வைக்கோலும் கலந்து சில நாட்கள் குவிந்து கிடந்த எருவை மண்வெட்டியால் பிளந்தால் உள்ளிருந்து ஆவி எழுகிறது. அவ்விடத்தில் கையை வைத்திருக்க இயலுவதில்லை. உஷ்ணமானியைச் செருகினால் 60 டிகிரி சென்டிகிரேடு காட்டும்; நன்கு அமைந்த குவியலில் 70 டிகிரியை நெருங்குவதும் உண்டு. அங்கே நெருப்பில்லை, வெயிலும் எட்டுவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் தழையையும் நாரையும் உண்டு செரிக்கையில் வெளிவிடும் வெப்பமே அது. நாமறிந்த கிருமிகளுள் பல மடிந்துபோகும் அந்தச் சூட்டிலேயே பிறந்து பெருகும் உயிர்களும் உள. அவற்றை வெம்மை விரும்பும் நுண்ணுயிர்கள் என்போம்.

இவ்வுயிர்களைப் பற்றி இந்நாளில் பலரும் பேசுவதற்குக் காரணம், அவற்றுள் சில காற்றுப் புகாத இடத்தில் தாவரப் பொருள்களைச் சிதைத்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுவதாகும். ஹைட்ரஜன் எரிந்தால் புகையில்லை, கரியில்லை, விளைவது நீராவியே. 2023-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் மத்திய அமைச்சரவை தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-க்குள் ஆண்டொன்றுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்டில் வகுக்கப்பட்ட வரையறையில், நீரை மின்சாரத்தால் பிரித்துப் பெறும் ஹைட்ரஜனுடன், தாவரப் பொருளிலிருந்து பெறுவதும் பசுமை ஹைட்ரஜனாக ஏற்கப்பட்டுள்ளது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வெளிப்படும் கரியமிலவாயு 2 கிலோவுக்கு மேற்படலாகாது என்பதே நிபந்தனை.

ஆகவே கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களிலும், எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் களியக்காவிளை, விளவங்கோட்டுப் பகுதிகளிலும் பணிபுரியும் கள ஊழியரிடம், "வாழைத்தண்டிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கலாமாமே, நம் அடுப்புக்கு அது எப்போது வரும்?" என்று ஒருவர் கேட்பாராயின் அதில் வியப்பில்லை. இக்கேள்விக்கு நேர்மையான விடை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு அடுப்புக்கு இந்த ஹைட்ரஜன் ஏற்றதன்று. வருமென வாக்களிப்பது கள ஊழியரின் நன்மதிப்புக்குக் கேடு. எனினும் வேறோர் இடத்தில் இந்நுண்ணுயிர்களுக்கு உண்மையான வேலை உண்டு.

நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனை ஆக்கவும் பயன்படுத்தவும் ஒரு தனி நொதியைக் கொண்டுள்ளன என்பதை 1931-இல் கேம்பிரிட்ஜில் மார்ஜரி ஸ்டீபன்சனும் ஸ்டிக்லண்டும் எடுத்துக்காட்டினர். கொதிக்கும் நீரூற்றுகளில் உயிர் வாழ இயலும் என்பது உறுதிப்பட்டது அதற்கு நெடுநாள் பின்னரே. அமெரிக்க நாட்டின் எல்லோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் 1960-களில் தாமஸ் பிராக் என்பார் 70 டிகிரிச் சூட்டில் செழிக்கும் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். 1986-இல் இத்தாலியின் வுல்கானோ தீவையடுத்த, எரிமலைச் சூடேறிய கடலடி மண்ணிலிருந்து கிடைத்த தெர்மோடோகா மாரிடிமா என்பது 80 டிகிரியில் நன்கு வளர்வது. நியூஸிலாந்தின் வெந்நீரூற்றில் கிடைத்த கால்டிசெல்லுலோசிரப்டர் என்ற நீண்ட பெயருடைய பாக்டீரியாவோ 70 டிகிரியில் மாவுப் பொருளையும், தாவர நாரின் செல்லுலோசையும், அதனோடு பிணைந்த பிற சர்க்கரைகளையும் ஒருங்கே உண்ண வல்லது. நமக்கு வேண்டிய வேலையாள் இதுவே.

சூடு ஏன் வேண்டும் என்று மாணவர் கேட்பர். மரச்சீனிக் கிழங்கு வேகும்போது நடப்பதை நினைவூட்டுக. 60, 70 டிகிரியில் கிழங்கின் மாவு நீரை உறிஞ்சி இளகிவிடுகிறது; இளகிய மாவைச் சிதைப்பது எளிது. மேலும், சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன் பிரியும் ரசாயன மாற்றம் குளிர்ந்த நிலையில் தயங்கித் தயங்கி நடப்பது. சூட்டில் தடையின்றி நடைபெறுகிறது. ஹைட்ரஜனைப் பிறந்தவுடனேயே உண்டு மீத்தேனாக மாற்றிவிடும் வேறு நுண்ணுயிர்கள் பல அந்தச் சூட்டில் அடங்கிவிடுவதும் ஒரு வசதி. இளஞ்சூட்டில் வேலை செய்யும் பாக்டீரியாக்கள் ஒரு பங்கு குளுக்கோசிலிருந்து பெரும்பாலும் இரண்டு பங்கு அளவிலேயே ஹைட்ரஜன் தருகின்றன. வெம்மை விரும்பிகள் நான்கு பங்கை நெருங்குகின்றன. ஆனால் நான்குக்கு மேல் போக முடியாது. இந்த உச்ச வரம்பை ஜெர்மானிய விஞ்ஞானி ருடால்ஃப் தவுவரும் அவர் கூட்டாளிகளும் 1977-இல் தெளிவாக்கினர். குளுக்கோசில் உள்ள மீதிச் சக்தி அசிட்டிக் அமிலமாக, அதாவது காடியின் புளிப்பாக, நீரிலேயே தங்கிவிடுகிறது.

இவ்விடத்தில் சற்றுப் பொறுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. செய்தித்தாள்கள் விட்டுவிடும் பகுதி இதுவே.

ஒரு கிலோ குளுக்கோசை எரித்தால் சுமார் 3,700 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். அதனை நுண்ணுயிர்களிடம் கொடுத்தால், மிக உயர்ந்த வரம்பில், ஏறத்தாழ 500 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். அதன் வெப்பம் 1,500 கிலோ கலோரி. அதே குளுக்கோசைச் சாண எரிவாயுக் கலத்தின் வழியே முழுதும் மீத்தேனாக மாற்றினால், ஏட்டளவில், 3,500 கிலோ கலோரி கிடைக்கும். இரண்டும் உச்ச வரம்புகளே. நடைமுறையில் இரண்டும் குறையும். ஆயினும் விகிதம் கண்கூடு.

ஒரு குடும்பம் 14.2 கிலோ சமையல் வாயு உருளையை ஒரு மாதம் பயன்படுத்துகிறது என்று கொள்வோம். அதே வெப்பத்தை ஹைட்ரஜனாகப் பெற நாள்தோறும் ஏறத்தாழ 4 கிலோ குளுக்கோஸ் வேண்டும். அதனை மரச்சீனியிலிருந்து பெறுவதாயின், பச்சைக் கிழங்கில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு மாவு என்ற அளவில், நாளொன்றுக்கு 12 முதல் 15 கிலோ கிழங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஏழைகளின் உணவுக்காகப் பரப்பிய பயிர் மரச்சீனி. அதை ஓர் அடுப்பின் ஒரு நாள் எரிபொருளுக்காகப் பதினைந்து கிலோ அழிப்பது அறிவுடைமையாகாது. கிழங்கின் தோலும், அழுகலும், ஆலைக் கழிவுமே இதற்கு உரியவை.

இன்னும் பெரிய தடை ஒன்றுண்டு. இந்நுண்ணுயிர்கள் அடர்ந்த சர்க்கரைக் கரைசலை விரும்புவதில்லை. ஆய்வுக்கூடங்களில் ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் சர்க்கரை என்ற அளவில் இவற்றை வளர்ப்பது வழக்கம். அப்படியானால் ஒரு கிலோ சர்க்கரைக்கு 100 லிட்டர் நீர். நம் கிணற்று நீர் 28 டிகிரியில் இருக்கிறது. அதை 70 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். 100 லிட்டரை 42 டிகிரி உயர்த்த 4,200 கிலோ கலோரி. கிடைக்கும் ஹைட்ரஜனோ 1,500. வரவினும் செலவு ஏறத்தாழ மும்மடங்கு! சர்க்கரையின் அளவை லிட்டருக்கு 50 கிராமாக உயர்த்தினாலும் 840 கிலோ கலோரி, அதாவது வரவில் பாதிக்கு மேல், சூடேற்றவே போய்விடும். வெளியேறும் சூடான கழிவுநீரைக் கொண்டு உட்செல்லும் குளிர்ந்த நீரைச் சூடாக்கும் குழாய் அமைப்பு இருந்தால் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை மீட்கலாம். ஆனால் அத்தகைய அமைப்பை வீட்டுப் புறக்கடையில் வைத்துப் பராமரிப்பவர் யார்?

ஆகவே வெம்மை விரும்பும் நுண்ணுயிர்களை நாம் சூடாக்கி வளர்க்க வேண்டிய இடத்தில் அவை நமக்குக் கடன்காரர்கள். சூடு ஏற்கெனவே வீணாகிக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டுமே அவை சம்பாதித்துக் கொடுப்பவர்கள். இந்த ஒரு வேற்றுமையை மனத்திற் கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

இனி, எல்லைக் கிராமங்களின் கழிவுகளைக் காண்போம். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழ்நாட்டோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் சென்றன. அன்று முதல் துறைகள் இரண்டு, படிவங்கள் இரண்டு. மண்ணும் பயிரும் மாறவில்லை. தென்னை, வாழை, மரச்சீனி, ரப்பர் இவையே இருபுறமும்.

தென்னையின் கழிவைப் பற்றிப் பெரிய நம்பிக்கைகள் கூறப்படுகின்றன. நார்ச்சோறு மலைபோல் குவிந்திருப்பதைக் கண்டவுடன் அதிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கயிற்றுத் தொழில் நமக்கு எதைக் கற்பிக்கிறது? கதம்பை என்று தென் திருவிதாங்கூர்த் தமிழர் வழங்கும் தேங்காய் மட்டையைக் காயல் நீரில் மாதக்கணக்கில் அமிழ்த்தி வைக்கின்றனர். காற்றில்லாத அந்நீரில் நுண்ணுயிர்கள் நாரைப் பிணைத்துள்ள பசையை உண்டுவிடுகின்றன, குமிழிகள் எழுகின்றன, துர்நாற்றம் பரவுகிறது. ஆனால் நார் அழிவதில்லை. அழியாமையாலன்றோ கயிறு திரிக்கிறோம்! நாரைக் காப்பது லிக்னின் என்னும் மரப்பொருள். காற்றற்ற நிலையில் நுண்ணுயிர்கள் அதனை எளிதில் சிதைப்பதில்லை. வெம்மை விரும்பிகளும் அதற்கு விலக்கல்ல. நூற்றாண்டுக் கணக்காக நம் காயல்கள் நடத்திக் காட்டிய இப்பரிசோதனையை மறந்துவிட்டு, நார்ச்சோற்றுக்கு ஹைட்ரஜன் திட்டம் தீட்டுவது காகிதத்தில் மட்டுமே பலிக்கும். நார்ச்சோறு நிலத்துக்கும் நாற்றங்காலுக்கும் போகட்டும்.

வாழையின் நிலை வேறு. ஏத்தன் குலையும் செந்துளுவன் குலையும் வெட்டியபின் தண்டும் மட்டையும் தோட்டத்திலேயே கிடந்து அழுகுகின்றன. லிக்னின் குறைவு, நுண்ணுயிர்களுக்கு இது மென்மையான உணவு. ஆனால் நூறு கிலோத் தண்டில் ஏறத்தாழத் தொண்ணூறு கிலோ நீரே. உலர்ந்த பத்துக் கிலோவில் பாதி சர்க்கரையாக மாறுமென்று தாராளமாகக் கொண்டாலும், முன்னே கண்ட 50 கிராம் கணக்குக்கே வந்து சேருகிறோம். வேறு நீர் சேர்க்க வேண்டாம் என்பது ஓர் ஆதாயம். தண்டின் நாரை நுண்ணுயிர் எளிதில் பற்றுமாறு முதலில் நசுக்கியோ வேகவைத்தோ பதப்படுத்த வேண்டும் என்பது செலவு. இத்தகைய பதப்படுத்தலையும், நாரைச் சர்க்கரையாக்கும் நொதிகளையும் பற்றிப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் மத்திய நிலையம் ஒன்று நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையிலேயே, பாப்பனங்கோட்டில், உள்ளது. மரச்சீனிக்கென 1963-இல் தொடங்கிய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமோ ஸ்ரீகாரியத்தில். அறிவுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் கிராமங்கள் நாட்டில் அதிகமில்லை. ஆயினும், கிராமத்தார் இந்நிலையங்களின் பெயர்ப்பலகையைப் பேருந்திலிருந்து பார்ப்பதோடு நின்றுவிடலாகாது.

ஹைட்ரஜனைப் பேசுமுன், கையிலிருப்பதைச் சொல்ல வேண்டும். சமையற் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் சிறு கலங்களை வீடு வீடாக அமைத்துத் தந்தமைக்காகத் திருவனந்தபுரத்தின் பயோடெக் நிறுவனம் 2007-இல் ஆஷ்டன் விருது பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு எரிவாயுப் பணிக்காக அதே விருதைப் பெற்றது கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம். எல்லையின் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. நடுவில் இருப்பவை நாம் பேசும் இக்கிராமங்கள். அக்கலங்கள் சாதாரண உஷ்ணத்தில், சூடேற்றும் செலவின்றி, அடுப்பில் அப்படியே எரியும் வாயுவைத் தருகின்றன. சாண எரிவாயு ஒரே நாளில் வந்துவிடவில்லை என்பதையும் நினைவிற் கொள்க. டில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1930-களின் இறுதியில் சோதனைகள் தொடங்கின. 1960-களில் கதர் கிராமக் கைத்தொழில் கமிஷன் அதனைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. நாடு தழுவிய திட்டமாக ஆனது 1981-82-இல். நாற்பதாண்டுகள்! இன்று ஓர் ஊரில் நான்கு கலங்கள் பழுதாகிக் கிடந்தால், அவற்றைச் சீர்செய்வதே அவ்வூருக்கு முதல் எரிபொருள் திட்டம். புதிய பெயரில் புதிய கலம் கொணர்ந்து பழையதன் பக்கத்தில் நிறுத்துவது அன்று. இதை யான் ஹைட்ரஜனுக்குப் பகைவனாகச் சொல்லவில்லை.

அப்படியாயின் வெம்மை விரும்பிகளுக்கு உரிய இடம் எது? மீத்தேன் கலத்துக்கு முன்வாயிலில் அவற்றை நிறுத்த வேண்டும் என்பதே என் துணிபு. முதற்கலம் சிறியது, சூடானது. அதில் கழிவு ஓரிரு நாட்களே தங்கி ஹைட்ரஜனையும் கரியமிலவாயுவையும் வெளிவிடும். எஞ்சும் புளித்த நீர், முன்னே கூறிய அசிட்டிக் அமிலத்துடன், இரண்டாவது கலத்துக்குச் சென்று மீத்தேனாகும். சக்தியின் பெரும்பகுதி வீணாகாமல் இரண்டு வாயுக்களாகப் பிரிந்து கிடைக்கும். சூட்டில் ஏற்கெனவே இளகிவிட்டமையால் இரண்டாவது கலத்தின் வேலையும் விரைவுபடும். ஐரோப்பாவில் 2006 முதல் 2010 வரை பல நாடுகள் கூடி நடத்திய ஹைவொல்யூஷன் என்னும் ஆராய்ச்சியில், அந்த அமிலத்தையும் ஒளியுண்ணும் பாக்டீரியாக்களைக் கொண்டு ஹைட்ரஜனாகவே மாற்ற முயன்றனர். ஒளி படப் பரந்த இடமும் கண்ணாடி போன்ற கலங்களும் அதற்குத் தேவை. நம் எல்லைக் கிராமங்களில் ஒரு சென்ட் நிலத்தின் விலையை அறிந்தவர் அவ்வழியைப் பரிந்துரைக்கமாட்டார்.

இத்தகைய இரட்டைக் கலம் எங்கே நிற்கவேண்டும்? சூடான கழிவுநீர் தானே ஓடிவரும் இடத்தில். சாராய வடிசாலைகளின் கழிவுநீர் வெளிவரும்போதே கொதிநிலைக்கு அண்மையில் இருப்பது. தென்னார்க்காட்டு நெல்லிக்குப்பத்தில் ஈ.ஐ.டி. பாரி வடிசாலைக் கழிவைக் கொண்டு, சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் 125 கன மீட்டர் கலத்தில் நுண்ணுயிர் ஹைட்ரஜனை உண்டாக்கிக் காட்டியது. கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் தேபபிரத தாஸ் குழுவினர் இளஞ்சூட்டில் வளரும் வேறொரு பாக்டீரியாவைக் கொண்டு இத்துறையில் நெடுங்காலம் உழைத்தனர். இவை சிறிய தொடக்கங்களல்ல. ஆயினும், இவற்றில் எதுவும் இன்றளவும் கிராமத்து வாணிபமாக மலரவில்லை என்பதை ஒளிக்காமல் மாணவர்க்குச் சொல்லலாம்.

பாறசாலையைச் சுற்றி அத்தகைய வடிசாலையை நாம் தேட வேண்டியதில்லை. எல்லையின் தென்புறத்தில், அண்டியாபீஸ் என்று மக்கள் வழங்கும் முந்திரிப் பருப்புச் சாலைகள் உள்ளன. அங்கே கொட்டையை நீராவியில் அவிக்கின்றனர்; கொதிகலத்தின் வெப்பத்தில் ஒரு பகுதி புகைபோக்கியின் வழியே போகிறது. நெல்லை அவிக்கும் ஆலைகளிலும் வெந்நீர் சாக்கடையில் ஓடுகிறது. வெயிலில் நீரைச் சூடாக்கும் கருவியும் 60 டிகிரிக்கு மேல் உயர்த்தித் தரும். இவற்றோடு, சந்தையில் அழியும் வாழைக்குலைக் காம்பும் கிழங்குத் தோலும் ஒரே இடத்தில் சேருமானால், முதற்கலத்துக்கு வேண்டியவை எல்லாம் கூடிவிட்டன. மரச்சீனித் தோலில் சயனைடு தரும் பொருள் இருப்பதால், அதனை ஊறவைத்தோ பிற கழிவுகளுடன் கலந்தோ இடவேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆகவே கள ஊழியர் இப்போது செய்யத்தக்கது, விண்ணப்பப் படிவம் விநியோகிப்பதன்று; கணக்கெடுப்பே. எந்தச் சாலையிலிருந்து எத்தனை லிட்டர் வெந்நீர், எத்தனை டிகிரியில், எந்த மாதங்களில் வெளியேறுகிறது? அதற்கு மூன்று மைல் சுற்றளவில் எத்தனை டன் ஈரக்கழிவு, எப்போது கிடைக்கிறது? வாழையும் கிழங்கும் ஒரே மாதத்தில் வருவதில்லை. அண்டியாபீஸ் ஆண்டு முழுவதும் இயங்குவதுமில்லை. இவ்விவரம் இல்லாமல் எந்த ஆராய்ச்சியாளரும் கலத்தின் அளவைக் கூற முடியாது. எல்லைக்கோட்டோடு கணக்கும் நின்றுவிடுமாயின் பாதிக் கழிவு கணக்கில் வராது. பாறசாலை ஊழியரும் விளவங்கோட்டு ஊழியரும் ஒரே தாளில் எழுதுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

சர்க்காருக்கும் ஒரு சொல். 19,744 கோடியில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கியது 400 கோடி. அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு. பெரும்பகுதி, மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் பெருந்தொழிலையே நோக்கியது. எஃகுக்கும் உரத்துக்கும் வேண்டிய ஹைட்ரஜன் அவ்வழியே வருவது முறை, அதில் பிணக்கில்லை. ஆனால் கிராமக் கழிவு வழியையும் பசுமை என ஏற்றுக்கொண்டபின், அதன் உண்மையான இடர்ப்பாடுகளான அடர்த்தியும் வெப்ப மீட்பும் குறித்த ஆராய்ச்சிக்குப் பங்கு கிடைக்க வேண்டும். புதிய பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததாக வரும் அறிக்கைகளில் எனக்கு உற்சாகம் குறைந்துவிட்டது. லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரையில் வாடாமல், ஓராண்டு இடைவிடாது வேலை செய்த ஒரு கலத்தின் அறிக்கையே இப்போது வேண்டுவது.

ஆசிரியர்களுக்கு இதில் எளிய பாடம் ஒன்று காத்திருக்கிறது. பள்ளித் தோட்டத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறையாத எருக்குவியல் அமைத்து, நீண்ட உஷ்ணமானியை நாள்தோறும் ஒரே நேரத்தில் செருகி, மூன்று வாரம் அளவைக் கட்டம் போட்ட தாளில் குறிக்கச் செய்யுங்கள். ஏறுவதும், உச்சியில் நிற்பதும், கிளறியபின் மீண்டும் ஏறுவதும் மாணவர் கண்முன் நடக்கும். ஆனால் புட்டியில் கழிவை அடைத்து ஹைட்ரஜன் பிடித்துக் கொளுத்திக் காட்டும் ஆசை மட்டும் வேண்டாம். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை எந்த அளவில் கலந்தாலும் அது தீப்பற்றும். அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரிவதுமில்லை.